என்னைச் சாமி என்று கூப்பிடாதீர்கள்

டென்மார்க்கிலிருந்து கரின் ஜீப்பில் வந்து இறங்கிய அன்று நான் கோதுமை உப்புமா கிளறிக்கொண்டிருந்தேன். நாமக்கல் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தின் பால்வாடியில் அப்போது நான் ஆயா. சமையல், பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பது, கதவுச் சாவி எல்லாம் என் பொறுப்பு. டீச்சர்கள் மாறினார்கள், நான் மாறவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மெட்ராஸ்காரரான எங்கள் ஆபீசர் சொன்னார்: "பாவாயிம்மா, இந்தப் பொண்ணு காலேஜ் முடிச்ச கையோட வந்திருக்கு. ஆறு மாசம் இங்க வேலை பழகணும். செலவெல்லாம் அவங்க கவர்மெண்டே பாத்துக்குது."

"வா சாமி, உக்காரு" என்றேன். அவள் முகம் சுருங்கியது.

கரின் மெட்ராசில் கொஞ்சம் தமிழ் படித்துவிட்டு வந்தவள். நன்றாக வேலை செய்தாள். ஆனால் பிள்ளைகளை விட வரும் தாய்மார்கள் "சாப்டீங்களா சாமி" என்று கேட்டால் போதும், எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அடுத்த முறை ஆபீசர் வந்தபோது, அவள் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள்.

"ஏம்மா, இந்தப் பொண்ண ஏன் சாமி சாமின்னு கும்பிடுறீங்க? 'இவங்கள்ல ஒருத்தியா இருக்க வந்தேன், வெள்ளைத் தோலுன்னு கோயில்ல வைக்கறாங்க'ன்னு அழுவுது. இது திரும்பிப் போச்சுன்னா அந்த நாட்டுலருந்து இனி யாரும் வர மாட்டாங்க."

"நாங்க எங்கீங்க கும்புட்டோம்?" என்றேன். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மாட்டுக் கட்டுத்தரையிலிருந்து கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்து, பிள்ளைகளுக்குக் கரைத்து வைத்த பால் குண்டாவை முட்டிச் சாய்த்தது.

"ஏஞ் சாமி! இப்பிடிப் பண்ணிப்போட்டயே! உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினேன். வாசலில் நின்ற செல்விக் குட்டியிடம், "நீ தள்ளிக்க சாமி, முட்டிப்போடும்" என்றேன்.

கரின் பெட்டியைக் கீழே வைத்தாள். "மாடு... சாமி? செல்வியும் சாமி?"

"ஆமாங்கறேன்."

"அப்போ நான்?"

"நீயும் இந்தக் கன்னுக்குட்டியாட்டந்தான். பின்னே என்னன்னு நெனச்சே?"

ஆபீசர் வாயைப் பொத்திக்கொண்டார். கரினுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. பிறகு துணியை எடுத்து என்னோடு உட்கார்ந்து பாலைத் துடைத்தாள்.

ஆறு மாதமும் இருந்தாள். ஒருநாள் உப்புமாவை மோந்து பார்த்து, "ஏஞ் சாமி, அடி புடிச்சிருச்சே!" என்று என்னையே கேட்டாள். என் அடுப்படியில் அப்படிக் கேட்க வேறு யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

அவளுக்குப் பிறகும் வெளிநாட்டுப் பட்டதாரிகள் வந்தார்கள். ஜீப் வந்து நின்றதும் நான் கட்டுத்தரைப் பக்கம் திரும்பி, கன்றுக்குட்டியை "என்ன சாமி" என்று ஒரு குரல் கூப்பிடுவேன். அது அவர்கள் காதில் விழுந்த பிறகுதான், "வா சாமி, உக்காரு" என்பேன்.