சின்தசைசரில் போட்ட வெள்ளிக் கோடுகள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. எனக்கென்று வாழ்க்கையில் இருந்தது சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம்தான். அதையும் நானே கெடுத்துக்கொண்டேன். வேறு யார் தலையிலாவது பழியைப் போடலாமா என்று இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், ஒருத்தரும் அகப்படவில்லை.

எங்கள் சர்ச் ஹாலில் ஒரு பழைய சின்தசைசர் கிடந்தது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் யாரோ விட்டுப்போனது. பட்டனைத் தட்டினால் புல்லாங்குழல், இன்னொன்றைத் தட்டினால் வயலின் என்கிற கதையெல்லாம் அதில் கிடையாது. இருபது, இருபத்தைந்து குமிழ்களைத் திருகித் திருகி நாமே சத்தத்தைத் தேட வேண்டும். ஒரு குமிழைத் தொட்டுவிட்டால் பழைய சத்தம் போனது போனதுதான்.

சனிக்கிழமைகளில் அங்கே மூன்று பேர் கூடி வாசிப்போம். கிடார் வாசித்தவன் என்னோடு பள்ளியில் படித்தவன். அதே கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் வேலை. டோலக் வாசிக்க பேரணாம்பட்டிலிருந்து பாய் ஒருவர் பஸ் பிடித்து வருவார். என்ன வாசிப்பது என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவன் நாலு ஸ்வரத்தைப் போடுவான். நான் அதில் ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே குமிழைத் திருகுவேன். பாய் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு நாங்கள் எதிர்பார்க்காத இடத்தில் தட்டி உள்ளே வருவார். மூன்று பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும், கை மட்டும் நிற்காது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை, கல்யாணம் உள்பட.

ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் பத்து நிமிஷம் வாசிக்கச் சொன்னார் எங்கள் பாஸ்டர் ஐயர். எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. முந்தின சனிக்கிழமை கிடைத்த ஒரு சத்தத்தைத் தொலைத்துவிடக் கூடாது என்று, தோலில் தையல் கோடு போடும் வெள்ளிப் பேனாவைக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து ஒவ்வொரு குமிழும் நின்ற இடத்தில் கோடு போட்டேன்.

“எல்லாத்தையும் ஃபிக்ஸ் பண்ணிட்டா அப்புறம் இன்னாடா வாசிக்கிறது?” என்றான் கிடார்க்காரன். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆராதனை அன்று எனக்கு முன்னாலேயே ஹாலுக்கு வந்திருக்கிறான். சின்தசைசர் தூசியாக இருந்ததாம். பனியன் துணியில் கிளீனரைத் தொட்டு முழுக்கத் துடைத்துவிட்டான். கோடுகளையும்தான். ஷூவில் வெள்ளிக் கோடு மிச்சமிருந்தால் அந்த ஜோடி ரிஜெக்ட். பெட்டியில் போகுமுன் அதைத் துடைப்பதுதான் பத்து வருஷமாக அவன் வேலை. கை அது பாட்டுக்குச் செய்திருக்கிறது.

“புதுசு மாதிரி ஆயிடுச்சி பாரு,” என்று சிரித்தான்.

கொயர் பெண்கள், ஐயர், பாய், அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். நான் சொன்னேன்: “செருப்பு தொடைக்கிறவன் கையில இதக் குடுத்தா இப்படித்தான் ஆவும்.”

அந்தத் துணியை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். சாயங்காலம் வாசிக்கவும் செய்தான், சர்ச் பாட்டுப் புத்தகத்தில் போட்டிருக்கிற கிடார் கார்டுகளை மட்டும், வரிசையாக, ஒன்றுகூடப் பிசகாமல். வாசிப்பில் நான் எங்கெங்கேயோ போய்ப் பார்த்தேன், அவன் என்கூட வரவில்லை. ஜனங்கள் நன்றாகத்தான் கை தட்டினார்கள்.

பஸ் ஸ்டாண்டு வரை பாயோடு நடந்தேன். “சத்தம் போனா இன்னா தம்பி, மூணு பேருமா திரும்பத் தேடியிருப்போம். அதுக்குத்தான நான் பேரணாம்பட்லருந்து வர்றேன்,” என்றார். அதற்குப் பிறகு அவரும் வரவில்லை.

லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஃபினிஷிங் செக்‌ஷனுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றான். சுற்றிலும் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“சொல்லுங்க சார்,” என்றான்.

எத்தனை கார்ட்டன் ரெடி என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.