ஆட்டுக் கொட்டகைக்குப் போயிருக்க வேண்டிய போர்டு

பட்டறைக்காரன் தலையில் முடி மிச்சம் இருந்தால், "இவ்வளவுதானே, முடிச்சுரலாம்" என்ற வார்த்தையை அவன் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்று அர்த்தம். எனக்கு முக்கால் வழுக்கை. கந்தர்வக்கோட்டையில் கார் பட்டறை போட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஏழாம் வகுப்போடு நின்றவன். மிச்சத்தையெல்லாம் ஸ்பேனர்தான் வழுக்கி வழுக்கி விரலில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. பட்டறை வைத்திருக்கும் சகோதரர்களே, ஒரே ஒரு காரால் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். உங்கள் பாடு கொஞ்சம் லேசாகத் தெரியும்.

நாள் பேரம்

கோட்டைப்பட்டினம் ஷாஜகான் பாய் சார்ஜாவில் வேலை பார்க்கிறவர். லீவில் வந்த மறுநாளே லாரியில் இரண்டு சாமானைக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினார். ஒன்று, முதுகு வளைந்த பழைய ஜெர்மன் கார். அதற்கு இஞ்சின் பின்னால், டிக்கி முன்னால். இன்னொன்று, சார்ஜாவில் பழைய இரும்புக் கடையில் வாங்கிக் கப்பலில் அனுப்பிய ரோட்டரி இஞ்சின். அதில் மேலும் கீழும் போய்வருகிற பிஸ்டன் கிடையாது. மூன்று மூலை உள்ள இரண்டு இரும்புக் கட்டைகள் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். "இதை அதுக்குள்ள வச்சுரணும்ணே" என்றார், தலையணைக்கு உறை மாற்றச் சொல்கிற மாதிரி.

நான் எதற்கும் பேரம் பேசுகிறவன். அவர் இருபது நாள் என்றார், நான் தொண்ணூறு என்றேன். ஐம்பதில் வந்து நின்றது. ஐம்பத்தோராம் நாள் அவருக்கு ப்ளைட். அத்தோடு போயிருக்கலாம். "முடியுமாண்ணே? திருச்சியில மூணு பேரு முடியாதுன்னுட்டாங்க" என்று ஒரு வார்த்தையை விட்டார். எனக்கு உச்சந்தலை சுட்டுவிட்டது. எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்: "அம்பதாம் நாளு இந்த வண்டி, ஒரு ஆளு கை வச்சுத் தள்ளாம, தானா ஓடி ஒங்க வீட்டு வாசல்ல நிக்கும் பாய். நிக்கலேன்னா எம் பட்டறை போர்டைக் கழட்டி ஒங்க ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாப் போட்டுக்கங்க!"

சொன்ன பிறகுதான் எதைப் பந்தயம் வைத்தேன் என்று உறைத்தது. மூன்று வருடம் புளியமரத்தடியில் வேலை பார்த்து, அதன் பிறகு என் பேரை எழுதி மாட்டிய தகரப் போர்டு அது. பாய் கோபப்படவே இல்லை. நிமிர்ந்து போர்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டுச் சொன்னார்: "பத்தடி இருக்கும்லண்ணே? கொட்டகை ஒம்பதுதான். சரியா வரும்."

கிணற்றுக்கு ஆகுமா

அந்த இஞ்சின் ஒரு தண்ணீர்க் குடத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர் டிராக்டரை விட்டுவிட்டு அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆர்வமாகக் கேட்கிறாரே என்று நானும் தரையில் சாக்பீஸால் படம் போட்டு, எங்கே பெட்ரோல் போகிறது, எங்கே வெடிக்கிறது, எங்கே புகை வெளியே வருகிறது என்று அரை மணி நேரம் தொண்டை வறளச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "எல்லாஞ் சரி தம்பி. எத்தனை அடி ஆழத்துலேருந்து தண்ணி இழுக்கும்?"

பெட்டி எங்கே

காரின் பழைய இஞ்சின் காற்றிலேயே சூடு ஆறிக்கொள்ளும். புதுசுக்குத் தண்ணீர் வேண்டும், ரேடியேட்டர் வேண்டும். பின்பக்கம் காற்று வராது. ஆகவே முன்னால் இருந்த டிக்கியை அறுத்து, ஒரு பழைய வேன் ரேடியேட்டரை அதில் உட்காரவைத்து, அடியில் பின்னால் வரை குழாய் இழுத்தேன். மூன்று நாள் வேலை. நானே தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். பாய் வந்தார், மூடியைத் தூக்கினார், ரொம்ப நேரம் உள்ளேயே பார்த்தார். "ஏண்ணே, சார்ஜாவுலேருந்து வர்றவன் பெட்டிய மடியில வச்சுக்கிட்டா வீட்டுக்குப் போவான்?"

சிலிண்டர் பேரம்

இஞ்சினை மாற்ற அனுமதி வாங்க வேண்டும். வண்டி இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். விண்ணப்பப் பாரத்தை எடுத்து "எத்தனை சிலிண்டர்?" என்றார். "சிலிண்டரே இல்ல சார்" என்றேன். பேனாவை மூடிவிட்டார். பிறகு அவரே இறங்கி வந்து, "சரி, நாலுன்னு போடவா?" என்றார். "கட்டை ரெண்டுதான் சார், ரெண்டுன்னு போடுங்க." "கட்டைக்கு மூணு மூலைங்கிற. ரெண்டுக்கும் சேத்து ஆறு வருதேய்யா?" "ரெண்டுக்கு மேல ஒண்ணுகூட ஏத்த முடியாது சார்." விலையைக் குறைத்துக் கேட்டே பழகிய எனக்கு, ஏற்றிக் கேட்கிற மனுஷரோடு எப்படிப் பேரம் பேசுவது என்று தெரியவில்லை.

அனுமதி கிடைத்தது நாலாவது நடையில். முதல் நடையில் அவர் சொல்லி அனுப்பியது இது: "பிஸ்டன் இல்ல, வால்வு இல்ல, சிலிண்டர் இல்ல. இல்லாததையெல்லாம் வரிசையாச் சொல்லிட்ட. இருக்குறது ஏதாவது இருந்தா நாளைக்கு எடுத்துக்கிட்டு வா."

நசுங்காத பழம்

கியர் பெட்டியைப் பிரித்து மாட்டியது பொன்னமராவதியிலிருந்து வந்த என் மச்சான், என் மனைவி செல்வியின் கூடப்பிறந்த அண்ணன். கியர் வேலையில் கெட்டிக்காரர் என்று செல்வி சொன்னாள். நானும் நம்பினேன். நாற்பத்தேழாம் நாள் காலையில் இஞ்சின் பிடித்தது. கதண்டு வண்டுக் கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு சத்தம். செல்வி சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தாள். "பாய் தப்பா நெனைக்காதீங்க" என்றேன். "வைக்கட்டும்ணே, எப்புடியாச்சும் ஓடட்டும்" என்றார் அவர்.

ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி சல்லென்று பின்னால் போய்த் தண்ணி டிரம்மில் இடித்து நின்றது. இரண்டாவதைப் போட்டேன், அதுவும் பின்னால். மூன்றாவதும் அப்படியே. ரிவர்ஸ் கியரைப் போட்டால்தான் முன்னால் வருகிறது! பெட்டிக்குள் கிரவுன் என்று ஒரு பெரிய பல்சக்கரம் உண்டு. அதை இடப்பக்கமும் மாட்டலாம், வலப்பக்கமும் மாட்டலாம். மச்சான் மாற்றி மாட்டிவிட்டார். பின்னால் போக நாலு கியர், முன்னால் போக ஒன்று.

பட்டறையில் இத்தனை வருடம் சேர்த்த வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. பக்கத்தில் செல்வி நிற்கிறாள். முழுங்கினேன். மச்சான் நிதானமாக வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து, பழங்களைப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். "கோவப்படாதீங்க மாப்ளே. நாலும் நசுங்காமத்தான் இருக்கு. அடுத்த தடவைக்கு வாங்க வேண்டியதில்ல."

கை வைக்காதே

ஐம்பதாம் நாள் நானும் பாயும் கிளம்பினோம். கிரவுனைத் திருப்பி மாட்டியாகிவிட்டது, முன்னால் போகிறபடிதான். புதுக்கோட்டை தாண்டி, அறந்தாங்கி தாண்டிப் பெட்ரோல் போட நிறுத்தினேன். இந்த இஞ்சினுக்கு ஒரு கெட்ட குணம். கிளப்பி, அஞ்சடி நகர்த்தி, உடனே அணைத்தால் பெட்ரோல் உள்ளே தேங்கி ஊறிவிடும், அப்புறம் பிடிக்காது. இதைப் பாயிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். பெட்ரோல் போட்டதும், "கொஞ்சம் நான் ஓட்டுறேண்ணே" என்று உட்கார்ந்தார். கிளப்பினார், அஞ்சடி நகர்ந்தார், டேங்க் மூடியை மறந்துவிட்டோமே என்று அணைத்தார். முடிந்தது கதை.

நாலு பேர் தள்ளிவிட ஓடி வந்தார்கள். நான் குறுக்கே பாய்ந்து, "தொடாதீங்க! ஒருத்தரும் வண்டியில கை வைக்கக் கூடாது!" என்று கத்தினேன். கை வைத்தால் போர்டு போச்சே! பெட்ரோல் பங்கில் இருந்த பெண்ணிடம் போர்டு கதையைச் சொல்லி இருபது நிமிடம் கேட்டேன். அஞ்சு என்றாள். பத்தில் முடித்தேன். நாலு பிளக்கையும் விரல் வேகக் கழற்றி, சட்டையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள். "தள்ள வேணாம்னா விடுங்கண்ணே. ஆனா பின்னால பதினோரு வண்டி நிக்குது. ஒங்க போர்டு கதைய அவங்கள்ட்டயும் நீங்களே போய்ச் சொல்லிருங்க."

வாசல்

ஒன்பதாவது நிமிடம் பிடித்தது. அப்புறம் எங்கேயும் நிறுத்தவில்லை. கோட்டைப்பட்டினத்தில் அந்தச் சத்தத்துக்குத் தெருவே வெளியே வந்தது. பாய் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, வெறும் பனியனோடு இறங்கி நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். பாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அதற்குள் அவருடைய உம்மா வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். மேலே பார்த்தார், கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார், எதையோ தேடுகிற மாதிரி. பின்பக்கம் கொட்டகையில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. அதற்கு மேலே வெறும் கம்பும் வானமும்தான் இருந்தன. உம்மா என்னிடம் திரும்பினார்: "வண்டி வந்தது சந்தோசம் தம்பி. தகரத்த எங்க? நீங்க கொண்டாந்துருவீங்கன்னு நான் நேத்தே பழைய கீத்தைப் பிரிச்சுப் போட்டுட்டேனே!"

பந்தயத்தில் ஜெயித்தவன் நான், போர்டும் என் வாசலில்தான் தொங்குகிறது. ஆனாலும் மறுவாரமே ஒன்பதடித் தகரம் ஒன்றை என் கையால் வாங்கிக் கோட்டைப்பட்டினத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பினேன் என்றால், என் பேரம் பேசும் சாமர்த்தியம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.