எல்லாவற்றுக்கும் டவரைக் குறை சொன்னேன்

மலை ஊரான மாரமங்கலத்தில் மிளகும் காபியும் பயிர் வைத்திருக்கிறேன். என் மகள் ஒரு வேலைக்காக வீட்டிலிருந்தே ஆன்லைன் தேர்வு எழுத வேண்டியிருந்தது. பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் கேட்டு, அவர்கள் ஆபீஸ் லேப்டாப்பை வாங்கி வந்தேன்.

தேர்வன்று காலையில்தான் திறந்தோம். பிரவுசரில் பிளகின் என்ற சின்ன மென்பொருளைச் சேர்த்தால்தான் வினாத்தாள் வரும். அது சேரவே இல்லை.

"ஏனுங்கப்பா, அட்மின் தடுத்து வெச்சிருக்காருன்னு வருதுங்க" என்று மகள் படித்துச் சொன்னாள்.

"டவர் இல்லாட்டி அப்படித்தான் கண்ணு ஏதாச்சும் காட்டும்" என்றேன். எங்கள் மலையில் எது ஓடாவிட்டாலும் டவரைத்தான் சொல்வோம்.

வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு, டவர் நன்றாகக் கிடைக்கும் மேட்டு வளைவுக்குப் போனேன். பனிமூட்டத்தில் பாறைமேல் லேப்டாப்பை வைத்து, திரும்பத் திரும்ப முயன்றாள். டவர் முழுசாக இருந்தது. அதே வரிதான் வந்தது. கடைசியில் ரைட்டருக்குப் போன் போட்டேன்.

"அது ஆபீஸ் லேப்டாப்புங்களே. ஹெட் ஆபீஸ்ல திறந்து விடாம எதையும் ஏத்த முடியாதுங்க. காலையிலயே சொல்லியிருந்தா என்ற ஊட்டு லேப்டாப்பைக் குடுத்திருப்பேனுங்க."

அதற்குள் நேரம் முடிந்து தேர்வுப் பக்கம் மூடிவிட்டது. லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு அவள் வண்டியில் ஏறினாள்.

இப்போது அவள் போனைப் பார்த்து முகம் வாடினால் உடனே பக்கத்தில் போய், "என்ன போட்டிருக்கு, படி கண்ணு" என்று கேட்கிறேன்.

"ஒண்ணுமில்லீங்கப்பா" என்கிறாள்.