மேடுகள் உள்ள நாளில் யார் ஜெயிப்பார்

என் வேலையே எதையும் நம்பாமல் இருப்பதுதான். வல்லக்கோட்டைப் பக்கம் உள்ள ஒரு தொழிற்சாலையில் கார் இருக்கைகளுக்கான இரும்புச் சட்டங்களைச் சோதிக்கும் பிரிவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். வெல்டிங் நன்றாக வந்திருக்கிறது என்று லைனில் இருப்பவர்கள் சொன்னால் தலையாட்டிவிட்டு, என் பங்குக்கு ஒருமுறை தட்டிப் பார்ப்பேன். இந்தப் பழக்கம் வீட்டிலும் போகவில்லை. மகள் படித்துவிட்டேன் என்றால் புத்தகத்தை வாங்கி நடுப்பக்கத்திலிருந்து கேள்வி கேட்பேன். கணவர் இதைச் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரிப்பதற்கு வேறு காரணம் இருக்குமோ என்றும் எனக்குத் தோன்றும்.

மாலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் கிளம்பும். ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டி நான் படப்பையில் இறங்க வேண்டும். எனக்கு முன் இருக்கையில் மெயின்டெனன்ஸில் வேலை செய்யும் ஒருவன் உட்காருவான். முப்பது வயதிருக்கும். போடிக்காரன், ஒப்பந்தத் தொழிலாளி, படப்பையில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தான். அந்த ஜூலையில் ஒருநாள் அவன் போனில் ரம்பத்தின் பல் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. யாருக்கோ உடம்பு சரியில்லை, இதயத்துடிப்புப் படம் வந்திருக்கிறது என்று நினைத்து விசாரித்தேன். அவன் சிரித்துக்கொண்டே திரும்பி, ஐரோப்பாவில் மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயத்தின் அன்றைய பாதை அது என்றான். ஒவ்வொரு பல்லும் ஒரு மேடு.

நான் கேட்காமலேயே விளக்கவும் ஆரம்பித்தான். சமதரையில் ஓடும் நாளில் கடைசி இருநூறு மீட்டரில் வேகமாக மிதிப்பவர்கள் ஜெயிப்பார்கள். பெரிய மலை ஏறும் நாளில் பட்டத்துக்குப் போட்டியிடும் இரண்டு மூன்று பேரில் ஒருவர் ஜெயிப்பார். இரண்டுமில்லாமல் சின்னச் சின்ன மேடாக வரும் நாளைத்தான் யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்குப் பெரிய ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே பின்னால் வருவார்கள். மூன்று வார மொத்த நேரக் கணக்கில் வெகுவாகப் பின்தங்கிவிட்ட பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால் ஓடுவார்கள். அவர்களால் பட்டத்துக்கு ஆபத்தில்லை என்பதால் பெரிய ஆட்கள் துரத்த மாட்டார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் யாருக்குக் காலில் தெம்பு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

"எல்லாரும் நடிப்பாய்ங்கக்கா. முடியாத மாதிரி வாயத் தொறந்து மூச்சு வாங்குவாய்ங்க. கடைசி மேட்டுல பாத்தா அவந்தான் பறப்பான்."

ஊசி போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்கள்தானே இவர்கள் என்று கேட்டேன். முன்பு அப்படிப் பிடிபட்டவர்கள் உண்டு, இப்போதும் யாரையும் முழுசாக நம்பிவிட முடியாது, ஆனால் எல்லாரையும் சந்தேகப்பட்டால் பார்க்கவே முடியாது என்றான். அன்றைக்கு யார் ஜெயிப்பார் என்று கேட்டேன். சந்தேகமான உதிரிப் பாகங்களில் கட்டுகிற மஞ்சள் அட்டை ஒன்று என் பையில் இருந்தது. அதில் ஓர் எண்ணை எழுதித் தந்தான். ஓட்டுபவரின் முதுகில் ஒட்டியிருக்கும் எண். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும் முடிவைக் காட்டினான். அதே எண்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மகளின் போனில் நானே தேடிப் பார்த்தேன், உண்மைதான். பிறகு, பந்தயம் நம் நேரப்படி மாலை நாலரைக்கே தொடங்கிவிடுகிறது என்பதைக் கண்டுபிடித்தேன். அவன் எழுதித் தந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறார்கள். முன்னால் போனது யார் என்று தெரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறான். இதை முகத்துக்கு நேரே சொன்னேன். அவன் கோபப்படவில்லை. அடுத்த மேட்டு நாளன்று காலை பத்து மணி டீ நேரத்திலேயே அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். நேரத்தை என் கையால் குறித்து, என் லாக்கரில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் பார்த்தால் அதுவும் சரி. மூன்றாவதும் சரி.

மூன்றாவது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தொடர்ந்து ஆயிரம் சட்டங்கள் ஒரு குறையும் இல்லாமல் வந்தால் நாங்கள் முதலில் சோதிப்பது எங்கள் அளவுக் கருவியைத்தான். இதில் எங்கோ கோளாறு இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

அது கேன்டீனில் தெரிந்தது. பிள்ளைப்பாக்கத்திலிருந்து வந்து சாப்பாடு பரிமாறும் அக்கா, என் கையில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ள எனக்குங்கூட நம்பரு எழுதிக் குடுத்துக்கீறான்மா. பையிலதான் கீது," என்றார். வாங்கிப் பார்த்தேன். அதே நாள், வேறு எண். மாலையில் பஸ் டிரைவரிடம் கேட்டேன். அவரிடமும் ஓர் அட்டை, அதில் இன்னொரு எண்.

எல்லாம் விளங்கிவிட்டதாக எனக்குத் தோன்றியது. பத்துப் பேருக்குப் பத்து எண் கொடுத்தால் ஒருவருக்காவது சரியாக வரும். வந்தவர் வாயைப் பிளப்பார், வராதவர் மறந்துவிடுவார். ஆனால் இவ்வளவு மெனக்கெட்டு இவனுக்கு என்ன லாபம்? அதற்கு முந்தைய வருடம்தான் எங்கள் லைனில் ஒரு பையன் போனில் பந்தயம் கட்டிச் சீரழிந்து, சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டிருந்தான். முதலில் நம்ப வைப்பது, பிறகு அந்த வலைக்குள் இழுப்பது. அவன் எனக்குத் தம்பி மாதிரி என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. மறுநாள் காலை நேராக ஹெச்.ஆர். அறைக்குப் போய், பந்தயம் கட்ட ஆள் பிடிக்கிறானோ என்று சந்தேகம், ஒருமுறை விசாரியுங்கள் என்றேன். அட்டைகளையும் மேஜையில் வைத்தேன்.

அவனைக் கூப்பிட்டு அவன் கண்ணெதிரே போனைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சைக்கிள் படங்கள், ஊர்ப் படங்கள், பஸ் நேரம். பந்தயம் கட்டுகிற எதுவும் இல்லை. ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவனை வேலைக்கு அனுப்பியிருந்த ஒப்பந்தக்காரருக்கு எரிச்சல். தன் ஆளைப் பற்றி ஹெச்.ஆர். வரைக்கும் பேச்சு போனது அவருக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை முதல் காலை ஆறு மணி ஷிப்ட்டுக்கு மாற்றிவிட்டார்.

சனிக்கிழமை அவனுக்கு லீவு என்பதால், வெள்ளிக்கிழமை மாலை கடைசியாக அவன் எங்கள் பஸ்ஸில் வந்தான். கூட்டுரோடு வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பினான்.

"அக்கா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல?"

"கேட்டா நீ உண்மையத்தான் சொல்லுவன்னு எனக்கு எப்டிப்பா தெரியும்?"

அவன் தலையாட்டினான். அதுவும் சரிதான் என்று மெதுவாகச் சொன்னான்.

"டிரைவர் அண்ணன் கேட்டது அவரு வண்டி நம்பரோட கடசி ரெண்டு. கேன்டீன் அக்கா கேட்டது மகன் பொறந்த தேதி. அவுங்க கேட்டத எழுதிக் குடுத்தேன், ஒரு வெளாட்டுக்கு. உங்களுக்கு மட்டுந்தாங்க்கா நா நெசமா நெனச்சத எழுதுனேன். நீங்கதான் சோதிச்சுப் பாப்பீங்க."

மூன்றும் எப்படிச் சரியாக வந்தது என்று அப்போதும் கேட்டேன். மூன்றில் ஒன்று வந்தாலே பெரிது, மூன்றும் வந்ததில் தனக்கே பயமாக இருந்தது என்றான். பள்ளிக்கூட நாளில் மாவட்டச் சைக்கிள் போட்டி ஒன்றில் முழுத் தூரமும் முன்னால் ஓட்டிக் கடைசி மேட்டில் தோற்றவன் அவன். கூடவே இளைத்து இளைத்து வந்த ஒருவன் தாண்டிப் போனானாம். அன்றிலிருந்து முன்னால் போகிறவனைப் பார்க்காமல் பின்னால் வருகிறவர்களைப் பார்க்கப் பழகியதாகச் சொன்னான். ராத்தங்கும் அறையில் மற்ற மூவருக்கும் கிரிக்கெட் தவிர எதுவும் பிடிக்காது. காலையில் இதைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைத்ததே என்று இருந்தானாம்.

அப்போதும் நான் அதை அப்படியே நம்பவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். சனிக்கிழமை காலை டிரைவரிடம் போய், எண்ணைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டேன்.

"நாந்தான் கேட்டேன். இது வராதுண்ணா, சும்மா வெச்சுக்கன்னு சொல்லிக்கினேதான் எழுதினான். ஏம்மா, இன்னா ஆச்சு?"

கேன்டீன் அக்காவும் மகனின் பிறந்த தேதியைத்தான் சொன்னார். முதல் முறை நான் இவர்களிடம் என்ன எண் என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். பதினான்கு வருடம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிறவள், கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை.

ஹெச்.ஆரிடம் திரும்பப் போனேன். என் சந்தேகம் தவறு, ஷிப்ட்டை மாற்ற வேண்டாம் என்று எழுதியும் கொடுத்தேன். அது முடிந்துபோன விஷயம் மேடம், ஷிப்ட் ஒப்பந்தக்காரர் பாடு என்றார் அந்த அதிகாரி. ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்தேன். இரண்டு முறை எடுத்து, பார்க்கலாம் என்றார், மூன்றாவது முறை எடுக்கவில்லை.

அந்த மூன்று வாரப் பந்தயத்தில் இன்னும் ஒரு மேட்டு நாள் பாக்கி இருந்தது. முந்தைய நாட்களின் சுருக்கக் காட்சிகளை ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். முன்னால் போகிறவர்களை விட்டுவிட்டுப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்தேன். ஒருவர் ஒவ்வொரு மேட்டிலும் கூட்டத்தின் வாலில் தொங்கிக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் ஆடியது, முகம் கோணியது. இவ்வளவு பலவீனத்தை ஒருவர் சும்மா காட்டுவாரா? நடிக்கிறார் என்று முடிவு செய்தேன். மகள், அவர் பாவம்மா என்றாள். நான் கேட்கவில்லை.

இரண்டு ஷிப்ட்டுக்கும் பொதுவானது மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான். பந்தயத்தன்று அவனைக் கேன்டீனில் தேடிப் போய், அவருடைய எண்ணை எழுதிக் கொடுத்தேன். முதலில் என் முகத்தைப் பார்த்தான், பிறகு எண்ணை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நீ யாரை நினைக்கிறாய் என்று கேட்டேன். இந்த முறை யாரையும் நினைக்கவில்லை என்றான். அது உண்மையா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் அவனே தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தான். நான் தேர்ந்தெடுத்தவர் இரண்டாவது மேட்டிலேயே சைக்கிளை ஓரம் கட்டி இறங்கிவிட்டாராம். அவருடைய அணியின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம்.

"அவரு நடிக்கலக்கா. நாலு நாளாவே காய்ச்சலாம். நெசமாவே முடியாமத்தான் ஓட்டியிருக்காரு."

தட்டை ஓரமாகத் தள்ளினேன். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், என்னை அவருக்குத் தெரியவே தெரியாது, ஆனாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. அவரிடம் கேட்க முடியாது. எதிரில் இருந்தவனிடம்தான் கேட்டேன், சுற்றி வளைக்காமல். அவன் தலையைக் குனிந்து ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தான். காலை ஷிப்ட் ஒன்றும் மோசமில்லை, மதியம் தூங்க நேரம் கிடைக்கிறது என்றான். பிறகு, ஸ்பெயினில் அடுத்த மாதம் இன்னொரு மூன்று வாரப் பந்தயம் இருக்கிறது, அதில் மேடுகள் இன்னும் அதிகம் என்றும் சொன்னான்.