ஒரகடத்து முனீஸ்வரர்

ஒரகடத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். டீக்கடை ஓரத்தில், தகரக் கூரைக்கடியில், ஒரு கருங்கல் புத்தர் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார். நெற்றி முழுக்க விபூதிப் பட்டை, இடுப்பில் மஞ்சள் துண்டு. கடைக்கார அம்மா ஈரத்துணியால் அந்தப் பட்டையைத் துடைக்கிறார்.

"ஏம்மா துடைக்கிறீங்க?"

"கம்பெனில கீற கொரியாக்காரரு கும்புட வராரு சார். அவங்க ஊர்ல இந்த சாமிக்குப் பட்டை போட மாட்டாங்களாம். அவரு போனதும் பூசிடுவேன்."

"இவர் புத்தர்னு தெரியுமா?" படித்த திமிரில் கேட்கிறேன்.

"தெரியும் சார். வெளியூர்ல அவருக்கு அந்தப் பேரு. இங்க முனீஸ்வரரு."

கொரியாக்காரர் ஷூவைக் கழற்றிவிட்டு வருகிறார். மூன்று முறை தரையில் விழுந்து கும்பிடுகிறார். எழுந்தவர், புத்தரின் வெறும் நெற்றியை ஒரு நொடி பார்க்கிறார். பிறகு விபூதிக்காக அந்த அம்மாவிடம் கையை நீட்டுகிறார்.