விறகுத் தொட்டி மணியனும் என் புகாரும்

கட்டிப்போட்டுக் கவனிக்காமல் விட்ட நாய்களைப் பற்றி ஜீவகாருண்ய சங்கத்தில் போய்ச் சொல்லுகிற வேலைக்குச் சம்பளம் கிடையாது, வசவு மட்டும் உண்டு. அடுத்த வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு என் கஷ்டம் புரியும்.

தாகம்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு விறகுத் தொட்டி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு விறகு வாங்கப் போனபோதுதான் மணியனைப் பார்த்தேன். செவலை நாய். நல்ல வெயிலில் முளையடித்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே நிழல், சங்கிலி எட்டவில்லை. கழுத்துப் பட்டை இறுகிப் புண்ணாகி ஈ மொய்த்தது. தண்ணீர்ச் சட்டிக்குள் ஒரு கோழி சொகுசாக உட்கார்ந்திருந்தது, அவ்வளவு காய்ந்த சட்டி.

"ஏங்க, இதுக்குக் கொஞ்சம் தண்ணி வைக்கக் கூடாதா?" என்றேன். தொட்டிக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தண்ணி குடிச்சா குளுந்துபோய்ப் படுத்துக்கும்மா. தாகமா இருந்தாத்தான் திருடனைக் கண்டா கோவம் வரும்!"

கோட்டையில் விசாரணை

மறுநாள் பஸ் ஏறிக் காவேரிப் பாலம் தாண்டி, சங்க ஆபீஸ் இருக்கும் கோட்டைக்குப் போனேன். சங்கத்துக் குமாஸ்தா, "நாய் கடிச்சுதா?" என்றார். இல்லை என்றேன். "துரத்துச்சா?" அதுவும் இல்லை. "பின்னே நாய் மேல என்னம்மா புகார்?" நாய் மேல் இல்லை, நாய்க்காக என்று விளக்குவதற்குள் குழந்தை அவருடைய மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டாள்.

மேஜையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "வண்டி மாடு, ஜட்காக் குதிரைன்னா உடனே ஆள் அனுப்புவோம். உங்க நாய் எந்த வண்டியம்மா இழுக்குது?"

மடியோடு வந்த இன்ஸ்பெக்டர்

என் தொல்லை தாங்காமல் சங்கத்து இன்ஸ்பெக்டரை அனுப்பினார்கள். அவரும் ஸ்ரீரங்கத்துக்காரர்தான். காவேரியில் முழுகி, திருமண் இட்டுக்கொண்டு, கோவிலுக்குப் போகிற வழியில் தொட்டி வாசலில் வந்து நின்றார். புண்ணைப் பார்த்ததும் முகம் வாடிப்போயிற்று. தொட்டிக்காரரை வார்த்தையாலேயே ஒரு உலுக்கு உலுக்கினார். ஆனால் எல்லாம் வாசற்படியிலிருந்துதான்.

"கிட்ட வந்து அவுத்து விடுங்க" என்றேன். அங்கவஸ்திரத்தை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னும் ஓரடி பின்னால் போனார்.

"பெருமாளைச் சேவிக்க மடியாப் போயிண்டிருக்கேன், நாயைத் தொடப்படாது. நீங்க அவுங்கோ, நான் சட்டப்படி பார்த்துண்டிருக்கேன்."

நாய் வண்டி

நானே அவிழ்த்தேன். மணியன் குழாயடியில் வயிறு முட்டக் குடித்துவிட்டு நடுத்தெருவில் புரண்டான். நானும் பெருமையாக நின்றேன். முனிசிபாலிட்டி லைசென்ஸ் வில்லையின் ஞாபகமே எனக்கு வரவில்லை. கட்டிக்கிடந்த வரைக்கும் அவனுக்கு வில்லை தேவைப்படவில்லை. தெருவுக்கு வந்தால் கழுத்தில் வில்லை தொங்கவேண்டும். வில்லை இல்லாத நாய், நாய் பிடிக்கிற முனிசிபாலிட்டி வண்டியில் ஏறும். ஏறினது திரும்பி வராது.

வண்டி வந்தே விட்டது. சுருக்குக் கயிறு மணியன் கழுத்தில், அதே புண்ணின் மேல். அவன் கத்தின கத்தலில் என் குழந்தையும் கத்தினாள். "விடுய்யா, புண்ணு!" என்று கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். தொட்டிக்காரர் வேறு, "கட்டினா நீங்க புகார் சொல்றீங்க, அவுத்தா அவன் பிடிக்கிறான், நல்ல தர்மம்மா உங்களது!" என்றார்.

அந்த நேரம் கையில் துளசியோடு கோவிலிலிருந்து திரும்பினார் இன்ஸ்பெக்டர். "நிறுத்துடா! இது என் விசாரணையிலே இருக்கிற பிராணி!" என்றார். வண்டிக்காரன் அசையவில்லை. "விசாரணையில இருந்தா உங்க கையில இருக்கணும் சாமி. தெருவுல இருந்தா எங்க வண்டியில."

இன்ஸ்பெக்டர் மணியனைப் பார்த்தார், தன் வேஷ்டியைப் பார்த்தார், கோபுரத்தை ஒரு தரம் பார்த்தார். துளசியைக் காதில் செருகிக்கொண்டு, நாயை அப்படியே இரண்டு கையாலும் வாரித் தூக்கினார். வண்டிக்காரன் சுருக்கைக் கழற்றிக்கொண்டான். மணியன் நன்றியாகத் திருமண்ணை நக்கியே எடுத்துவிட்டான்.

"மறுபடி ஸ்நானம், அவ்வளவுதானே? பெருமாள் காத்துண்டிருப்பார், வண்டி காத்துண்டிருக்காதே!"

யார் பேரில் வில்லை?

வில்லை வாங்கவேண்டும் என்றதும் தொட்டிக்காரர் கையை உதறிவிட்டார். "தண்ணி ருசி கண்ட நாய் தொட்டியக் காக்காது. உங்க பேர்லயே வாங்கிக்கம்மா!"

இப்போது மணியன் எங்கள் வாசலில் அவிழ்ந்தே கிடக்கிறான், தொட்டிக்காரரோ தினமும் அந்தப் பக்கம் வந்து தண்ணீர்ச் சட்டி நிறைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்து, ஒரு விரற்கடை குறைந்தாலும் தெருவே கேட்க என்மேல் புகார் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.