துவக்கு வாங்காமல் விட்ட கதை

இன்று கடைக்குப் பெயின்ற் அடிக்க வந்தவர், காசுமேசைக்குக் கீழே இருந்த பழைய சுவிச்சைக் கண்டார்.

"அண்ணை, இது எதுக்கு?" என்று கேட்டபடியே அழுத்தியும் விட்டார்.

எண்பதுகளில் பாரிஸ் லா சப்பலில் இந்தப் பலசரக்குக் கடையைத் திறந்த புதிதில், ஒருவன் பிஸ்டலைக் காட்டிக் காசையெல்லாம் வழித்துக்கொண்டு போனான். மறுநாளே நானும் ஒரு துவக்கு வாங்கப் புறப்பட்டேன். பக்கத்துத் தையல்கடைச் செல்வம் அண்ணை வாசலில் மறித்தார்.

"துவக்குக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள்? நீயும் ஒண்டை வாங்கி வைக்கப் போறியோ?"

அன்றே சுவரில் துளைபோட்டு, என் சுவிச்சிலிருந்து தன் கடை மணிக்கு வயர் இழுத்தார். "ஆபத்தெண்டால் அழுத்து. நான் வருவன்."

பிறகு இரண்டு தடவை அழுத்தியிருக்கிறேன். இரண்டு தடவையும் தெருவையே கூட்டிக்கொண்டு வந்தார். கொள்ளையடிக்க வந்தவர்கள் ஓடினார்கள், ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

இன்றும் வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் பெரிய கத்தரிக்கோல்.

"எங்கை கள்ளன்?"

"கள்ளன் இல்லை அண்ணை, பெயின்ற் அடிக்கிறவர்."

மனிதருக்குப் பெரிய ஏமாற்றம். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்.

சுவிச்சைத் தொடாமல் மிச்சச் சுவரை அடிக்கச் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடையில் அழுத்தினால் யார் வருவார்கள்?